செவ்வாய் பாக்கலாம் வாங்க: கேள்வி பதில்

பல்லடம்: ஏனுங்க, செவ்வாய் கிரகத்தை வெறுங்கண்ணுல பாக்க முடியுமா? எப்பப் பாக்கோணும்?

பதில்: தாராளமாப் பாக்கலாமுங்க. ஆனா வருசா வருசம் பளிச்சுனு தெரியாது. சுமார் 26 மாசத்துக்கு ஒருக்கா பூமி, சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவுல வரும். அதை ஒட்டின ரெண்டு மூணு மாசந்தான் சீசன். போன தடவை 2025 ஜனவரி 16. அடுத்தது 2027 பிப்ரவரி 19. அன்னைக்குப் பொழுது விழுகறப்ப கிழக்கால கிளம்பும், நடுச்சாமத்துல நம்மூருக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரா நிக்கும், விடியறப்ப மேற்கால இறங்கும். நின்னு பாத்தா கழுத்து நோகும். களத்துல கயித்துக்கட்டிலைப் போட்டுப் படுத்துக்குங்க.

ஒண்ணுல ஏமாந்துராதீங்க. கைய நீட்டி விரலெல்லாம் மடக்கிப் புடிச்சா அந்த ஒரு முட்டி அகலத் தூரத்துல, மேற்கால, இன்னும் வெளிச்சமா வெள்ளையா ஒண்ணு நிக்கும். அது வியாழன். செவ்வாய் அடுப்புத் தணல் நிறம். அதுக்குப் பக்கத்துல நீலவெள்ளையா மினுக்கறது மகம் நட்சத்திரம்.

கோபி: ஆகஸ்ட் 27 ராத்திரி செவ்வாய் நிலா அளவு தெரியுமாமே?

பதில்: பொய்ங்க. 2003 ஆகஸ்ட் 27-ல 5.58 கோடி கிலோமீட்டர் வரைக்கும் கிட்ட வந்துச்சு. அன்னைக்கே நிலா விட்டத்துல எழுபதுல ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சேதிதான் இன்னும் செல்லுல சுத்துது.

திருப்பூர்: குழந்தைக்கு டெலஸ்கோப் வாங்கலாமுங்களா? பெட்டியில 525 மடங்குன்னு போட்டிருக்கு.

பதில்: 525-ன்னு எழுதினதைப் பாத்தாலே வெச்சுட்டு வந்துருங்க. லென்ஸ் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு மடங்குதான் உருப்படியாத் தெரியும், 70-க்கு 140. நானும் ஏமாந்தவன்தான். முதல் ராத்திரி செவ்வாய்க்குப் பதிலா நடுங்கற ஒரு ஆரஞ்சு மிட்டாயைப் பாத்தேன், ஸ்டாண்டு அந்த ஆட்டம் ஆடுச்சு. 2027-ல செவ்வாய் 10 கோடி கிலோமீட்டர் தள்ளி நிக்கும், சின்னதுதான். பெருசா வேணுமுன்னா 2035 செப்டம்பர் வரைக்கும் காசைச் சேத்துங்க.

மேட்டுப்பாளையம்: ஊட்டி முத்தோரை டெலஸ்கோப்புல காட்டுவாங்களா?

பதில்: அது ரேடியோ தொலைநோக்கி, வெளிச்சத்தைப் புடிக்காது, ரேடியோ அலையைத்தான் புடிக்கும். 530 மீட்டர் நீளம் இருக்குது, கண்ணு வெக்க ஒரு ஓட்டை கிடையாது.

அந்தியூர்: ஆகஸ்ட் 27...

பதில்: கோபிக்குச் சொன்னதுதான் கண்ணு.

தாராபுரம்: நான் ஜோசியம் பாக்கறவனுங்க. 2027 ஜனவரி 10-க்கு மேல செவ்வாய் வக்ரம். அது வானத்துல தெரியுமா?

ஈரோடு: கிரகம் ரிவர்ஸ்ல போகுமா? பஞ்சாங்கமே புளுகு.

பதில்: ஈரோட்டு வாத்தியாரே, பொறுங்க. காங்கேயம் ரோட்டுல தேங்காய் மட்டை லாரியை நம்ம பஸ்ஸு தாண்டறப்ப, தூரத்துச் சென்னிமலைக்கு முன்னால லாரி பின்னுக்கு நழுவற மாதிரித் தெரியுமில்ல? லாரி முன்னாலதான் போகுது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர், செவ்வாய் 24. நாம தாண்டறோம், அது நழுவுது. கண்ணுக்குத் தெரியறதைத்தான் பஞ்சாங்கம் எழுதுது. எந்த ராசியில செவ்வாய்னு அதைப் பாத்துத்தான் நானே தேடுவேன்.

தாராபுரம்: அப்பப் பலனும் சரிதானுங்களே?

பதில்: இடத்துக்குத்தான் நான் ஜாமீன். பலனுக்கு இல்லீங்க.

ஈரோடு: இப்படித்தான் மூடநம்பிக்கைய வளக்கறீங்க.

பதில்: ரெண்டு பேரும் ஒரு நோட்டு வாங்குங்க. ஜனவரி 10-ல மகத்துக்குக் கிழக்கால ஒரு முட்டி தள்ளிச் செவ்வாய் நிக்கும். வாரம் ஒருக்கா இடைவெளியை அளந்து எழுதுங்க. பிப்ரவரியில மகத்தைத் தாண்டிரும், ஏப்ரல் 1 வாக்குல மேற்கால ஒரு முட்டி போயி நின்னு திரும்பும். பஞ்சாங்கத்தோட ஒத்துப் பாத்துட்டு வந்து சண்டை போடுங்க.

சூலூர்: என் மகளுக்குச் செவ்வாய் தோஷம்...

பதில்: தாராபுரத்துக்காரரைக் கேளுங்கம்மா.

பொள்ளாச்சி: எப்பப் பாக்கோணுமுங்க?

பதில்: பல்லடத்துக்காரருக்குச் சொல்லியாச்சு. மேல போயிப் படிங்க.