வாங்குபவரின் கடன் இழுக்கிறது, குறைந்த விலைக்கு வேறு பார்ட்டி தயார்: என்ன செய்வது?

கேள்வி: மேற்கு தாம்பரத்தில் 2011-ல் வாங்கிய எங்கள் ஃபிளாட்டை 72 லட்சத்துக்கு விற்க ஒப்பந்தம் பதிவு செய்து, 5 லட்சம் முன்பணமும் வாங்கினோம். மூன்று மாதக் கெடு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வாங்குபவருக்கு வங்கிக் கடன் இன்னும் வரவில்லை. 2017-ல் எங்கள் வீட்டுக் கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றினோம். பழைய வங்கியின் அடமானம் வில்லங்கச் சான்றில் இன்னும் நிற்கிறதாம். அது நீங்கினால்தான் கடன் என்கிறார் அவர்களுடைய வங்கி வக்கீல். இப்போதைய வங்கியில் 8.5 சதவீத வட்டியில் 18 லட்சம் பாக்கி இருக்கிறது. இதற்கிடையே கோவையில் 85 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி 6 லட்சம் கொடுத்துவிட்டோம். அந்தக் கெடு அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்கு 30 லட்சம் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, மீதிக்கு இந்த விற்பனைப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம். இப்போது இன்னொருவர், 68 லட்சம் தருகிறேன், அதில் 15 லட்சம் ரொக்கம், உடனே பதிவு என்கிறார். முதல் பார்ட்டியை விட்டுவிடலாமா? இல்லை, பெர்சனல் லோன் எடுத்துக் கோவைக்காரரைச் சமாளிக்கலாமா?
- வாசகர், மேற்கு தாம்பரம்

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் பார்ட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கடன் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் இழுப்பது உங்கள் பத்திரம். கடனை மாற்றும்போது புதிய வங்கி பழைய வங்கிக்குப் பணத்தைக் கட்டி ஒரிஜினல் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும். அதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். ஆனால் பழைய வங்கிக்காகப் பதிவு செய்த எம்.ஓ.டி., அதாவது பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம், தானாக ரத்தாகாது. கடன் தீர்ந்தது என்று அந்த வங்கி ஒரு ரசீது ஆவணம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அது தெரியும். கடன் வாங்கி வாங்குகிற எவர் வந்தாலும் அவருடைய வங்கி வக்கீல் இதே இடத்தில்தான் நிற்பார். ரொக்கக்காரர் இதைக் கேட்காமல் இருக்கலாம். அதற்குத்தான் 4 லட்சம் குறைத்துக் கேட்கிறார்.

அந்த 4 லட்சத்தைத் தாமதத்தின் விலையோடு வைத்துப் பாருங்கள். 18 லட்சத்துக்கு மாத வட்டி 12,750 ரூபாய். ஃபிளாட்டின் பராமரிப்புக் கட்டணம் சுமார் 3,500 என்று வைத்தால் மாதம் 16,250. கடனும் முன்பணமும் போக உங்கள் கைக்கு வரவேண்டிய 49 லட்சம் முடங்கிக் கிடப்பதையும் 6.5 சதவீதத்தில் சேர்த்தால் இன்னொரு 26,500. ஆக, கறாராகப் பார்த்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 43,000. நான்கு லட்சம் என்பது ஒன்பது மாதத் தாமதத்துக்குச் சமம். ஒரு ரசீது ஆவணத்துக்கு ஒன்பது மாதம் ஆகாது.

ரொக்க விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதோடு, உங்களுக்கு இதனால் லாபமே இல்லை. வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்குகிறீர்கள். விற்பதற்கு ஓர் ஆண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்கினால், புதிய வீட்டில் போட்ட அளவுக்கு நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு வரிவிலக்கு உண்டு. 72 லட்சத்தையும் வெள்ளையில் காட்டினாலும் வரி வராத நிலையில் 15 லட்சத்தை எதற்கு மறைக்க வேண்டும்? அந்த ரொக்கத்தைக் கோவையில் எப்படிக் கொடுப்பீர்கள்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் விற்பனை ஒப்பந்தம் பதிவானது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம் என்பதால் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அதுவும் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அதை ரத்து செய்ய முதல் பார்ட்டியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கெடு தாண்டிவிட்டது, இனி என் இஷ்டம் என்று நினைக்காதீர்கள். வீடு, மனை ஒப்பந்தங்களில் கெடு தேதி தாண்டியதும் ஒப்பந்தம் செத்துவிடாது என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. அதிலும் இங்கே குறை உங்கள் பக்கம். அவர் வழக்குப் போட்டால் ஃபிளாட் சில வருடங்களுக்கு அசையாது. அவரை அழைத்து, இன்னும் 60 நாள் என்று துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அவரும் நிம்மதியாவார். அதற்காக, பெயின்ட் வேலை, மர வேலை தொடங்குகிறேன் என்று முன்கூட்டியே சாவி கேட்டால் கொடுக்காதீர்கள். முழுப் பணமும் வந்து பத்திரம் பதிவான பிறகுதான் சாவி.

சரி, ரசீதை எப்படி வாங்குவது? கடன் முடித்த கடிதம், எம்.ஓ.டி. ஆவண எண், வில்லங்கச் சான்று மூன்றையும் வைத்துப் பழைய வங்கியின் கிளைக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். 2019-20 காலத்தில் பொதுத்துறை வங்கிகள் பல இணைக்கப்பட்டன. உங்கள் கிளை இடம் மாறியோ பெயர் மாறியோ இருந்தால், எந்த வங்கியோடு சேர்ந்ததோ அதுதான் இப்போது பொறுப்பு. செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் பழைய அடமானம் நிற்கிறதா என்று கேட்டு, நின்றால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே வக்கீல் அதைக் கையில் எடுப்பார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். பெரும்பாலும், புகார் செய்யப்போகிறேன் என்று ஒரு கடிதம் போனாலே கோப்பு நகரும்.

இது நடக்கும்போதே இப்போதைய வங்கியிடம் கடன் முடிப்புக் கணக்கும், அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் கேளுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது. வாங்குபவரின் வங்கி 18 லட்சத்தை நேரடியாக உங்கள் வங்கிக்கே கொடுத்துவிடும். ஒரிஜினல்கள் வேறு ஊர்ப் பெட்டகத்தில் இருந்து வர நாளாகும் என்பதால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். 2023 டிசம்பர் முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பழைய கடனுக்கு இது பொருந்தாது. இந்தக் கடனுக்குப் பொருந்தும். இரண்டு ரசீதும் கிரயப் பத்திரமும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பதிவானால் போதுமா என்று வாங்குபவரின் வங்கி வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் சில வாரம் மிச்சம்.

உண்மையான ஆபத்து கோவையில் இருக்கும் 6 லட்சம்தான். பெர்சனல் லோன் 49 லட்சத்துக்குக் கிடைக்காது, பத்து பதினைந்து லட்சத்தால் பத்திரமும் பதிவாகாது. புதிய வீடு வாங்க இடைக்காலக் கடன் தரும் வங்கிகள் உண்டு. ஆனால் அவர்களும் தாம்பரம் வில்லங்கச் சான்றைத்தான் முதலில் புரட்டுவார்கள். அதனால் இந்த வாரமே கோவை விற்பவரிடம் பேசுங்கள். கெடு முடிந்த பிறகு போய்க் கெஞ்சினால் மதிப்பில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லி, சேமிப்பில் இருந்து இன்னொரு 2 லட்சம் வங்கி வழியாகக் கொடுத்து, 75 நாள் நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். 60-ஐவிட 15 நாள் கூடுதலாகக் கேட்கச் சொல்வது, தாம்பரம் பணம் வந்து சேர இடைவெளி வேண்டும் என்பதற்காக. அவர் மறுத்தால், வாங்கத் தயாராக இருக்கிறேன் என்று கடன் சாங்ஷன் கடிதத்தின் நகலோடு கெடுவுக்கு முன்பே பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாகக் கணக்கில் ஒரு ஓட்டை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். தாம்பரத்தில் உங்கள் கைக்கு 72,000 ரூபாய் குறைவாக வரும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் அதைத் திரும்பப் பெற முடியும். கோவையில் நீங்கள் 85,000 ரூபாய் பிடித்துக் கட்ட வேண்டும், இது விலைக்குள்ளேயே வரும். பத்திரச் செலவு அப்படியல்ல: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 85 லட்சத்துக்கு 7.65 லட்சம். அது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. கையிருப்பில் இல்லையென்றால், பெர்சனல் லோனைப் பற்றி யோசிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.