சின்ஹா குடும்பத்தின் லார்ட் பட்டமும் உங்கள் வீட்டு ராவ் பகதூரும்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா ஆங்கிலேயர் ஆட்சியில் ராவ் பகதூர் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தைத் தன் மகனின் திருமண அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள என் பெரியப்பா மகன் விரும்புகிறார். வங்காளத்துச் சின்ஹா குடும்பத்தில் லார்ட் பட்டம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்போது நமக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் வீட்டில் சனது (பட்டம் வழங்கியதற்கான அரசுச் சான்றுத் தாள்) பத்திரமாக இருந்தால் அதை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வைசிராயின் பெயரால் வழங்கப்பட்ட அந்தத் தாளில், பட்டம் பெறுபவருக்குரிய தனிச் சிறப்பாகவே அது அளிக்கப்படுகிறது என்று எழுதியிருக்கும். ராவ் பகதூர் பட்டம் அதைப் பெற்றவரோடு முடிந்துவிடுவது.

சின்ஹா குடும்பத்தின் கதை வேறு. காங்கிரசின் 1915ஆம் ஆண்டு பம்பாய் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும், வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியருமான வழக்கறிஞர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹாவுக்கு, 1919இல் 'ராய்ப்பூரின் பாரன் சின்ஹா' என்ற பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்டது. பாரன் என்பது, பெற்றவரை லார்ட் என்று அழைக்கச் செய்யும் பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஒன்று. (இந்த ராய்ப்பூர் வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள அவருடைய சொந்த ஊர், சத்தீஸ்கரின் தலைநகர் அல்ல.) பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் இந்தியரான அவர், அதே ஆண்டின் இந்திய அரசுச் சட்ட மசோதாவை அச்சபையில் நிறைவேற்றித் தரும் பொறுப்பையும் ஏற்றார்.

இத்தகைய பட்டம், அதை உருவாக்கும் அரசப் பட்டயத்தின் நிபந்தனைப்படி, சட்டபூர்வமான திருமணத்தில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கே செல்லும். அங்கேதான் சிக்கல் எழுந்தது. 1928இல் தந்தை காலமான பிறகு மகன் அருண்குமார் சின்ஹா உரிமை கோரியபோது, 1880இல் இந்து முறைப்படி நடந்த அவருடைய பெற்றோரின் திருமணமே விசாரணைக்கு உள்ளானது. ஏனெனில் அன்றைய இந்துச் சட்டம் ஓர் ஆண் பல மனைவியரை மணக்க இடமளித்தது, அப்படி மணந்தால் யாருடைய மகன் மூத்த வாரிசு என்ற குழப்பமும் வரும். ஒரே மனைவியோடு வாழ்ந்த ஒருவருடைய பட்டத்தை மன்னர் விரும்பிக் கொடுத்திருக்க, அவர் மனைவியின் திருமணத்தை லண்டனில் நிரூபிக்க வேண்டியிருந்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். மகன் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் ஒருதார மணத்தை மட்டுமே ஏற்கும் 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்ற சமயச் சீர்திருத்த அமைப்பில் சேர்ந்திருந்ததைக் கருத்தில் கொண்டு, 1939இல் பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு அவருடைய உரிமையை ஏற்றது. இந்தியாவை நிலையான வாழிடமாகக் கொண்டவர்களின் இந்துத் திருமணத்தை ஆங்கிலேய நீதிமன்றங்கள் அங்கீகரிக்கும் என்பதையும், அதில் பிறந்த பிள்ளைகள் முறையான வாரிசுகளே என்பதையும் அந்த வழக்கு தெளிவாக்கியதால், சட்ட மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள்.

பட்டம் அதன்பின் அக்குடும்பத்தில் தொடர்ந்தது. ஆனால் பரம்பரைப் பிரபு என்ற ஒரே காரணத்தால் சபையில் அமரும் உரிமையை, அப்போது விட்டுவைத்த 92 இடங்களைத் தவிர, 1999ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் நீக்கிவிட்டது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்குவதையும், குடிமக்கள் வெளிநாட்டு அரசிடமிருந்து பட்டம் பெறுவதையும் தடுக்கிறது. எனவே உங்கள் அண்ணன் தன் பெயருக்கு முன்னால் எதையும் சேர்க்க வேண்டாம். மணமகனை 'ராவ் பகதூர் இன்னாரின் எள்ளுப்பேரன்' என்று அழைப்பிதழில் குறிப்பிட்டால், கொள்ளுத்தாத்தாவுக்கு உரிய மரியாதையும் கிடைக்கும், எழுதியது உண்மையாகவும் இருக்கும்.