கணக்குத் தெரிந்தவர் ஏன் பணயம் வைக்கிறார்? – சூதாட்டப் பழக்கம் குறித்த கேள்வி பதில்

சூதாட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் ஆதாயத்தையும் இழப்பையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அடிமைப்பழக்க சிகிச்சைப் பிரிவில் உளவியலாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தம்பி வங்கியில் வேலை பார்க்கிறான். வட்டிக் கணக்கை மனத்திலேயே போடுபவன், ஆன்லைன் ரம்மியில் நான்கு லட்சம் ரூபாயை இழந்திருக்கிறான். இவனுக்கா கணக்குத் தெரியாது?

பதில்: கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும், சகோதரி. தெரிந்த கணக்கு, பணம் கட்டும் அந்த நொடியில் கைகொடுப்பதில்லை என்பதே சிக்கல். 1994இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பெஷாரா, டமாசியோ முதலியோர் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொன்னால் இது விளங்கும். நான்கு சீட்டுக்கட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். விளையாட்டுப் பணமாக 2,000 டாலர் தரப்படும். எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொரு சீட்டாக, மொத்தம் 100 சீட்டுகள் எடுக்க வேண்டும். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும், ஆனால் இடையிடையே வரும் அபராதங்களைக் கழித்தால் பத்துச் சீட்டுக்கு 250 டாலர் நட்டம். மற்ற இரண்டில் சீட்டுக்கு 50 டாலர்தான், ஆனால் அபராதம் சிறியது என்பதால் பத்துச் சீட்டுக்கு 250 டாலர் மிஞ்சும்.

இந்த விவரம் ஆடுபவருக்குச் சொல்லப்படுவதில்லை. பெரும்பாலோர் முதலில் 100 டாலர் கட்டுகளிடம் மயங்கி, சில பெரிய அடிகள் வாங்கியபின் மெல்ல 50 டாலர் கட்டுகளுக்கு மாறிவிடுவார்கள். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் அடிப்பகுதியில் காயம்பட்ட நோயாளிகளோ, நட்டக் கட்டுகளையே தொடர்ந்து எடுத்தார்கள். இத்தாலியில் கவெதினி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் காயம் ஏதுமில்லாத சூதாட்ட நோயாளிகளும் அதே பக்கம் சாய்ந்தது தெரியவந்தது. வெற்றி அவர்களுக்குப் பாடமாகப் பதிகிறது. தோல்வி அந்த அளவுக்குப் பதிவதில்லை. இது சராசரியில் தெரியும் வேறுபாடு என்பதால், உங்கள் தம்பியின் மூளை இப்படித்தான் இருக்கும் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைப் படித்த முட்டாள் என்று வீட்டில் ஏசுவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: விட்டதைப் பிடித்துவிட்டால் அன்றோடு நிறுத்திவிடுவேன். இதில் என்ன தவறு, ஐயா?

பதில்: உங்கள் சொல்லை நான் சந்தேகிக்கவில்லை, என்னிடம் வருபவர்களில் பலரும் இதையே மனமாரச் சொல்கிறார்கள். நிச்சயமான நட்டத்தை ஒப்புக்கொள்வதா, அதை மீட்கும் வாய்ப்புக்காக இன்னும் பெரிய நட்டத்துக்குத் துணிவதா என்று வரும்போது மனிதர்கள் பெரும்பாலும் துணிச்சலின் பக்கமே சாய்கிறார்கள் என்பதை உளவியலாளர்களான கானமனும் ட்வர்ஸ்கியும் 1979இல் எடுத்துக்காட்டினார்கள். இந்த இயல்பு எல்லோரிடமும் உண்டு. ஆனால் மற்றவர் ஒரு கட்டத்தில், போனது போகட்டும் என்று எழுந்துவிடுகிறார். உங்களுக்கோ எழுந்தால்தான் நட்டம், உட்கார்ந்திருக்கும்வரை அது வரவேண்டிய பாக்கி. அதனால் நேற்று 5,000 ரூபாய்க்குத் தயங்கிய கை இன்று 50,000 ரூபாயைக் கடன் செயலியில் வாங்கிக் கட்டுகிறது. இத்தனை முறை தோற்றதால் இனி ஜெயித்தே ஆக வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாகோ நாட்டின் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், கறுப்பு, சிவப்புக் கட்டங்களில் பந்து விழும் ரூலெட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தபோது, அடுத்தது சிவப்புதான் என்று நம்பிப் பணம் வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். முந்தைய சுற்றுகளின் நினைவு சக்கரத்துக்குக் கிடையாது.

கேள்வி: ஒரே ஒரு எண்ணில் பரிசு தப்பும்போது, தோற்ற வருத்தத்தைவிட மறுபடி ஆடும் ஆசைதான் வருகிறது. ஏன்?

பதில்: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009இல் மூளைப் படங்கள் எடுத்துப் பார்த்தபோது, மயிரிழையில் பரிசு தப்பிய தோல்வி, வெற்றிக்கு எழும்பும் அதே மூளைப் பகுதிகளில் சிலவற்றைத் தூண்டுவது தெரிந்தது. கிரிக்கெட்டில் நூலிழையில் தப்பிய பந்து, பந்துவீச்சாளர் நெருங்கிவிட்டார் என்பதற்கு அடையாளம். குலுக்கலில் அத்தகைய நெருக்கம் எதுவுமே இல்லை.

கேள்வி: ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே?

பதில்: 1967இல் அப்படித்தான் சொன்னது. அது சட்டத்துக்கான வகைப்பாடு. உங்கள் பணத்துக்கு அது காப்பாகாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், சம திறமையுள்ளவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டே இருந்தால் மொத்தத்தில் எல்லோரும் இழப்பார்கள். 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர், பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின், செங்கோட்டையைத் தாண்டிப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்குகிறார். வயதானதால் வந்த கோளாறா?

பதில்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைப் போலச் செயல்படும் மருந்துகள் சிலரிடம் இத்தகைய கட்டுக்கடங்காத சூதாட்ட உந்துதலை உண்டாக்குவது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. மருந்தை மாற்றினாலோ குறைத்தாலோ பலருக்கு அது அடங்கிவிடுகிறது. நீங்களாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். தந்தையார் வெட்கப்பட்டு மறைப்பார் என்பதால் நீங்களே பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: மகனின் கடனை ஒருமுறை அடைத்துவிட்டால் திருந்திவிடுவானா, டாக்டர்?

பதில்: நான் மருத்துவன் அல்லன், அம்மா, ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பணத்தை அவர் கையில் கொடுத்தால் பெரும்பாலும் அது மறுபடி ஆட்டத்துக்கே போகிறது. கட்டியே தீர வேண்டியதைக் கடன் கொடுத்தவரிடம் நீங்களே நேராகக் கட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: நான்கு மாதமாக ஆடவில்லை. வெள்ளிக்கிழமை போனஸ் வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பணம் கணக்கில் விழுந்தபின் எடுக்கும் முடிவை நம்பாதீர்கள், இன்று எடுக்கும் முடிவை நம்பலாம். இன்று மாலையே மனைவியிடமோ அண்ணனிடமோ விஷயத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு முன்பே வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் அவர் பொறுப்பில் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் உள்ள பணப்பரிமாற்றச் செயலிகளையும் அவர் முன்னிலையிலேயே நீக்கிவிடுங்கள்.