செம்பனை மில் லேபில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் விளக்கை நாமே மாற்றலாமா?

காலையில் மெஷினைத் திறந்ததும் புற ஊதா விளக்கு பலவீனம் என்று காட்டுகிறது, ஏஜெண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டுமா, நாமே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை மில்லில் லேப் வேலை பார்க்கிறேன். தாராளமாக மாற்றலாம். தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

பெரும்பாலான மெஷின்களில் இரண்டு விளக்கு இருக்கும்: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு டங்ஸ்டன் ஹாலோஜன், புற ஊதாவுக்கு டியூட்டீரியம். நம் டோபி (DOBI) கணக்குக்கு, அதாவது கச்சா எண்ணெயை எவ்வளவு எளிதாக வெளுக்கலாம் என்று காட்டும் எண்ணுக்கு, இரண்டுமே வேண்டும்; அந்த எண் கூடினால் எண்ணெய் நல்லது. 446 நானோமீட்டர் ஒளியைக் கரோட்டின் எவ்வளவு உறிஞ்சுகிறது, 269இல் எண்ணெய் கெட்டு உண்டான பொருள்கள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளக்கிறோம். முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறோம். ஹாலோஜன் போனால் பட்டென்று போய்விடும். டியூட்டீரியம் எரிந்துகொண்டே மங்கும். சாதாரணமாக 1000 மணி நேரம்தான் அதன் ஆயுள். மங்க மங்க, 269இல் வரவேண்டிய ஒளி குறைந்து, உள்ளே சிதறித் திரியும் வேண்டாத ஒளியின் பங்கு கூடிவிடும். அதனால் 269இல் உறிஞ்சிய அளவு உள்ளதைவிடக் குறைவாக வரும். டோபி உயர்ந்து தெரியும். நம் சீட்டில் 2.8 என்று போன எண்ணெய்க்கு ரிபைனரியில் 2.4 என்று வந்தால் யாரைக் கேட்பார்கள்? பழம் அவிக்கிறவரை, டேங்க் பார்க்கிறவரை, லாரி டிரைவரை. ஒரு விளக்குக்காக அவர்கள் பேச்சு வாங்குவது எனக்குப் பொறுக்காது.

மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையும் பிடுங்குங்கள். டியூட்டீரியத்தைப் பற்றவைக்கச் சில நூறு வோல்ட் பாய்கிறது. அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பழைய விளக்கின் வயர் எது எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். புதியதை உலோக வளையத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். மில் லேபில் யார் கையில் எண்ணெய் இல்லை? அந்தக் கை குவார்ட்ஸில் பட்டால் சூட்டில் கறையாகப் படிந்து, புற ஊதாவைத்தான் முதலில் மறைக்கும். புதுக் கையுறை போடுங்கள்; பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நூல் உதிராத தாளால் துடைத்துவிடுங்கள். வளையத்தில் உள்ள வெட்டு, மெஷினில் உள்ள முளையில் சரியாக உட்கார்ந்த பிறகே திருகை இறுக்குங்கள். மூடியைப் போடாமல் எரியவிடவே கூடாது, கண் கெட்டுவிடும்.

எரிந்துவிட்டது என்று உடனே மாதிரியை வைக்காதீர்கள். அரை மணி நேரம் சூடேறட்டும். டியூட்டீரியத்தின் ஒளியிலேயே 486.0, 656.1 நானோமீட்டரில் இரண்டு கூர்மையான கோடுகள் உண்டு. உங்கள் மெஷின் அவற்றை அங்கேதான் காட்டுகிறதா பாருங்கள். மெனுவில் விளக்கு மணிக்கணக்கைச் சுழியமாக்குங்கள். இரண்டு குவார்ட்ஸ் குவளையிலும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கரைப்பானையே ஊற்றிச் சுழியம் வைத்துவிட்டு, ஒரே எண்ணெயைத் தனித்தனியாக இரண்டு தடவை எடைபோட்டு ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துவந்தால், அதே எண்ணெயில் ஒரு போத்தல் ரிபைனரி லேபுக்கும் அனுப்பி அவர்கள் டோபியைக் கேட்டு வாங்குங்கள்.