கேளுங்கள், சொல்கிறோம்: அன்றாடப் படமும் அதன் கீழே நாலு வரியும்

ஊரில் எடுத்த படங்களை இணையத்தில் நாலு பேருடன் பகிர்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: விடியக்காலையில் குளக்கட்டில் எடுக்கும் படங்கள் என் கைத்தொலைபேசியில் நல்ல தெளிவு. சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டால் “மங்கலாக் கிடக்கு” என்கிறார்கள். ஏன்?
– வாசகர், விசுவமடு

படம் போகும் வழியில் மெலிந்துவிடுகிறது. இப்போதைய கைத்தொலைபேசிகள் பலவும் 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்) அளவில் படம் எடுக்கின்றன. ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்கி, சில நூறு கேபி ஆகிவிடும். முகத்தைக் கிட்ட நின்று எடுத்த படத்தில் இது பெரிதாகத் தெரியாது. நெற்பயிர், நீரலை, மரத்து இலை என்று நுணுக்கம் நிறைந்த படம்தான் முதலில் அடிபடும்.

படத்தைத் தெரிந்தெடுத்ததும் மேலே ‘எச்டி’ என்ற குறி தெரியும். அதைத் தட்டிவிட்டு அனுப்புங்கள். முழு அளவிலேயே போகவேண்டும் என்றால் ‘டொக்கியுமென்ட்’ ஆக இணைத்து அனுப்பலாம். ஆனால் அந்த வழியில், படத்துக்குள் பதிந்திருக்கும் இட விபரமும் கூடவே போகும். முற்றத்தில் எடுத்த படம் உங்கள் வீட்டு வாசலை வரைபடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கமராவின் அமைப்புகளில் இடப்பதிவை முதலே நிறுத்திவையுங்கள்.

அனுப்புவதற்கு முன்னமே படம் மங்கல் என்றால் கமராவின் வில்லையைப் பாருங்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களின் வில்லையில் வியர்வையும் செம்மண் தூசியும் சேர்ந்து ஒரு படை பிடித்திருக்கும். சூரியனோ மின்குமிழோ படத்தில் கோடாக இழுபட்டுத் தெரிந்தால் காரணம் அதுதான். முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, பல தடவை தோய்த்துப் பழகிய பருத்தித் துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் கீறிவிடும்.

கேள்வி: இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாயும்போது எடுத்தால் தண்ணீர் வெறும் வெள்ளைப் பூச்சாக வருகிறது.
– வாசகர், கிளிநொச்சி

திரையில் நுரை இருக்கும் இடத்தைத் தொடுங்கள். சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறைந்து நுரையின் மடிப்புகள் தெரியத் தொடங்கும். சுற்றியுள்ள கட்டு கொஞ்சம் இருளட்டும், பரவாயில்லை. இருண்டதைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கலாம். வெள்ளையாய்ப் போனதை மீட்கவே முடியாது. தடுப்புக்கு உள்ளே நின்றே எடுங்கள். மாரி மழையில் அந்தக் கொங்கிரீட் பாசி பிடித்து வழுக்கும்.

கேள்வி: படத்தின் கீழே என்ன எழுதுவது? எனக்கு ‘இனிய காலை வணக்கம்’ தவிர ஒன்றும் வருவதில்லை.
– வாசகி, மல்லாவி

படத்தில் தெரியாததை எழுதுங்கள். படங்கில் (தார்ப்பாயில்) நெல் காயும் படத்துக்குக் கீழே ‘நெல் காய்கிறது’ என்று எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: “மாசி 12, மல்லாவி. மொட்டைக்கறுப்பன். ஒரு மணியைக் கடிச்சுப் பாத்தன், இன்னும் மாவாக் கிடக்கு. ‘கடக்’ எண்டு உடையவேணும். நாளைக்கும் ஒரு வெயில் வேணும், வானம் கிழக்கால கறுக்குது.” ஏறக்குறைய இருபது சொல்லில் திகதி, இடம், நெல்லின் பேர், பல்லில் பட்ட பதம், மனதில் இருக்கும் பயம் எல்லாம் வந்துவிட்டன. பேசுகிற மாதிரியே எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூரத்தில் இருப்பவர்கள் அந்தப் பேச்சைத்தான் தேடுகிறார்கள்.

சத்தம், மணம், விலை, அந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது, சற்று முன் என்ன நடந்தது: இவற்றில் ஏதாவது இரண்டு போதும். அதிகம் நீண்டு போனால் திரையில் ‘மேலும்’ என்று மடிந்துவிடும், ஆதலால் முக்கியமானதை முதல் வரியில் வையுங்கள். குளம் என்றால் எந்தக் குளம் என்று பேர் சொல்லுங்கள். வன்னியில் ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குளம் இருக்கிறது. 1990களில் ஊரை விட்டுப் போனவருக்கு ‘எங்கள் ஊர்க் குளம்’ என்ற வரியை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. ஒழுங்கை, சந்தி, கோயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: இடம்பெயர்வுகளில் எங்களிடம் மிஞ்சியது ஒரேயொரு அல்பம். நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. இவற்றைப் பிரதி எடுத்துச் சொந்தங்களுக்குப் போட விருப்பம். எப்படிப் பிரிப்பது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பிரிக்க முதல், இப்போது இருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியால் படம் எடுத்துவிடுங்கள். பிறகு என்ன பிழைத்தாலும் இவ்வளவாவது கையில் இருக்கும்.

காய்ந்து ஒட்டியிருப்பதை இழுக்கவே கூடாது. முகத்தின் மேற்படை மற்றப் படத்தோடு உரிந்து போய்விடும். ஸ்டூடியோவில் கழுவிய சாதாரண கலர்ப் படங்கள் என்றால், அகலமான தட்டில் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் விட்டு 15 முதல் 30 நிமிடம் அமிழ்த்திவையுங்கள். மூலை தானாக நெகிழத் தொடங்கும்போது, தண்ணீருக்குள்ளேயே வைத்து மெல்ல நழுவவிடுங்கள். நெகிழாவிட்டால் தண்ணீரை மாற்றி இன்னும் கொஞ்சம் பொறுங்கள். படத்தின் முகத்தில் விரல் படக்கூடாது. நம் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் சுண்ணாம்பு அதிகம்; காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்காவது காய்ச்சி வடித்த தண்ணீர் பாவியுங்கள். முகம் மேலே பார்க்கத் துணியில் வைத்து நிழலில் உலரவிடுங்கள். வெயில் வேண்டாம், சுருண்டுவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம், மனதுக்கு மிக நெருங்கிய படத்தில் தொடங்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் ஆள் தெரியாத ஒரு படத்தில் கை பழகுங்கள். கணினிப் பிரிண்டரில் எடுத்த படம், கையால் நிறம் தீட்டியது, பூஞ்சணம் பிடித்தது, முகம் பிசுபிசுப்பது இவற்றை நனைக்கவே வேண்டாம். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டியதையும் கழற்றாமல் கண்ணாடிக்கு மேலாகவே பிரதி எடுங்கள்.

பிரதி எடுக்க விறாந்தை நிழல் போதும். பிளாஷை அணையுங்கள். படத்தைச் சமமான மேசையில் வைத்து, கைத்தொலைபேசியை ஒரே உயரமான இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாலம் போல வையுங்கள். கையில் பிடித்தால் சாய்ந்து, படத்தின் ஒரு பக்கம் சிறுக்கும். தொட்டால் அசையும் என்பதால் 3 விநாடி டைமர் நல்லது. கண்ணாடியில் உங்கள் உருவம் தெரிந்தால் கறுப்புத் துணி ஒன்றை மேலே பிடித்து, கமரா பார்ப்பதற்கு மட்டும் இடம் விடுங்கள். கூகுளின் ‘போட்டோஸ்கேன்’ செயலி பல கோணத்தில் எடுத்து இந்தப் பளபளப்பை நீக்கித் தருகிறது. பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கைக்கிறுக்கலும் அங்கேதான் இருக்கும்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறோம். மங்கிய முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகளை நம்பிப் போகாதீர்கள். அவை இருப்பதைத் துலக்குவதில்லை. தெரியாத இடத்தில் வேறொரு கண்ணை, வேறொரு வாயை வரைந்து வைத்துவிடும். உங்கள் அண்ணனின் சாயலில் இன்னொருவர் வந்து நிற்பார். செய்வதென்றாலும் மூலப் பிரதியைத் தொடாமல் வைத்து, ‘திருத்தியது’ என்று எழுதியே பகிருங்கள்.

இடமிருந்து வலமாக யார் யார் என்று, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம்; அங்கே ஒரு பிரதி, மெமரி கார்டில் ஒன்று, வெளிநாட்டுச் சொந்தம் ஒருவரிடம் ஒன்று. காணாமற்போனவரின் படத்தைப் பகிரும்போது தொலைபேசி எண்ணை எல்லோரும் பார்க்கப் போடவேண்டாம். ‘தகவல் இருக்கு, காசு அனுப்புங்கோ’ என்று வருபவர்களுக்கு அதுவே வாசல்.

கேள்வி: நாற்று நடும் பெண்களைப் படம் எடுத்துப் போட்டேன். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நல்ல படம்தானே?
– வாசகர், ஒட்டுசுட்டான்

நல்ல படமாக இருக்கலாம். ஆனால் சேற்றில் குனிந்து நிற்கும்போது உடுப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எடுக்க முன் கேளுங்கள், போட முன் அதைக் காட்டி இன்னொரு முறை கேளுங்கள். இரண்டும் வேறு வேறு அனுமதி. முகம் வேண்டாம் என்றால் கையும் நாற்று முடியும் மட்டும் எடுக்கலாம். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேட்கவேண்டும். பாடசாலைச் சின்னம் தெரியக்கூடாது. செத்தவீட்டில் கமராவை எடுக்கவே வேண்டாம், வீட்டுக்காரர் கேட்டால் தவிர.

நல்ல கோணம் தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடியைக் குறிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ சிவப்புத் தடியோ கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள்.

கேள்வி: கணினியில் பாமினியில் எழுதி ஒட்டினால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.
– வாசகர், மாங்குளம்

பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத திரையில் போர்வை விலகிவிடும். இணையத்தில் உள்ள ‘பாமினி – யூனிகோட்’ மாற்றியில் ஒட்டி மாற்றியபின் பகிருங்கள். யூனிகோட் என்பது எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரிப் படிக்கும் எழுத்து முறை. இடையே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குழப்பிவிடும். அவற்றை மாற்றிய பிறகு சேருங்கள். கைத்தொலைபேசியில் கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகைக்குத் தமிழைச் சேர்த்தால் நேரே யூனிகோடில்தான் விழும்.