வகுப்பில் சாதிப் பேச்சு வந்தால் ஆசிரியர் மேல் கேஸ் வருமா?

கேள்வி: ஐயா, நான் அரூர் பக்கம் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பண்பாடு பற்றிய பாடத்தில் 'எங்கள் ஊர்ப் பண்டிகை' என்று ஒரு கலந்துரையாடல் வைத்தேன். ஒரு மாணவன், "எங்கள் தெருவில் தலைக்கட்டு வரி வாங்க மாட்டார்கள், சாமி ஊர்வலமும் வராது" என்றான். (திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வாங்கும் பணம்தான் தலைக்கட்டு வரி.) அதே ஊர்க்காரனான இன்னொரு மாணவன் எழுந்து சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டான். இருவரையும் உட்காரச் சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். யாரோ எடுத்த 40 விநாடி வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல்வர் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார். 'மனித உரிமை' என்று போர்டு மாட்டிய காரில் வந்த ஒருவர், "பிசிஆர் கேஸில் உங்கள் பெயரும் வரும், 30,000 கொடுத்தால் பேசி முடித்துத் தருகிறேன்" என்கிறார். என் மேல் கேஸ் வருமா? இனி இப்படி வகுப்பே எடுக்கக் கூடாதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதுதான் நடந்தது என்றால், உங்கள் மேல் கேஸ் நிற்காது அம்மா. பணம் கொடுக்காதீர்கள். மன்னிப்புக் கடிதமும் எழுதாதீர்கள். செய்யாத தப்புக்கு நீங்களே கையெழுத்துப் போட்ட காகிதம் கல்லூரி ஃபைலில் உட்கார்ந்திருந்தால், நாளைக்கு அதை யார் எடுத்து எதற்குக் காட்டுவார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது.

முதலில் அந்த 'பிசிஆர்' என்ற வார்த்தையை விடுங்கள். அது தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். நம் ஊரில் எல்லோரும் பிசிஆர் என்று சொல்லிப் பயமுறுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை. அதில் 3(1) பிரிவில் ஆர், எஸ் என்று இரண்டு உட்பிரிவுகள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரை, அந்தப் பட்டியல்களில் இல்லாத ஒருவர், பிறர் பார்வை படும் இடத்தில், வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினாலோ குற்றம். அவ்வளவுதான் விஷயம்.

இதை உங்கள் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் வரி வாங்குவதில்லை என்று சொன்ன பையன் யாரையும் திட்டவில்லை, நடப்பைச் சொன்னான். சொல்லப்போனால் அவன் சொன்ன நடப்புதான் சட்டத்தின் கண்ணில் குற்றம். திட்டிய பையன் மேல் புகார் வந்தால், வகுப்பு நிறைய மாணவர்கள் இருந்த இடத்தை 'பிறர் பார்வை படாத இடம்' என்று வாதாடுவது கஷ்டம். உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில், வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசியது இதில் வராது என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கும் நான்கு சுவர்தானே என்று சிலர் கேட்பார்கள். சுவர் இருந்தது சரி, உள்ளே அத்தனை பேர் இருந்தார்களே!

நீங்கள் இந்தக் கதையில் எங்கே வருகிறீர்கள்? திட்டவில்லை, தூண்டவில்லை, உட்காரச் சொன்னீர்கள். உங்களுக்கு வரக்கூடியது சாட்சி சம்மன். அதற்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வரலாம்.

இங்கே ஒரு விஷயம், நம் தர்மபுரி மாவட்டத்துக்கென்றே உள்ளது. நான் பேசும் கூட்டங்களில் இதைச் சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள், ஆனாலும் சொல்வேன். சித்தேரி மலையிலிருந்து வரும் மலையாளிப் பையன்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். கேரளக்காரர்கள் இல்லை, நம் மலைவாழ் மக்கள். இவர்கள் பழங்குடி. ஆனால் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு மாவட்டங்கள் எழுதியிருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கிருஷ்ணகிரி 2004-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, அதனால் அந்தப் பக்கத்துக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி? ஈரோடு பிரிந்து வந்த பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. அதே பேச்சு, அதே சாமி, ஒரே இனம் என்று அவர்களே சொல்வார்கள். அங்கிருந்து ஒரு பையன் உங்கள் கல்லூரிக்கு வந்து சித்தேரிப் பையனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள். இருவரையும் ஒருவன் ஒரே வார்த்தையால் திட்டினால், ஒருவனுக்கு வன்கொடுமைச் சட்டம் உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு பர்கூர் இருக்கிறது, அதோடு இதைக் குழப்பிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அதனால் யாருக்கு எந்தச் சட்டம் என்பதை வாட்ஸ்அப்பில் முடிவு செய்ய வேண்டாம், சாதிச் சான்றிதழைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, அந்த போர்டு கார்க்காரர். எனக்கு ரத்தம் கொதிப்பது இவர்களைப் பார்த்துத்தான். மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில் இருக்கிறது. அதற்கு அரூரில் ஏஜென்ட் கிடையாது, கார் போர்டும் கிடையாது. அந்த ஆணையம் விசாரிப்பதே அரசு ஊழியர்கள் மேல் வரும் புகார்களை. தனியார் கல்லூரி ஆசிரியையிடம் அதற்கு என்ன வேலை? ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, லெட்டர்பேடு அடித்து, கழுத்தில் ஒரு அடையாள அட்டை மாட்டிக்கொண்டால் யாரும் அதிகாரி ஆகிவிடுவதில்லை.

'பேசி முடித்துத் தருகிறேன்' என்பதும் சுத்தப் பொய். இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் டிஎஸ்பி அந்தஸ்தில் உள்ளவர் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் கைகுலுக்கி முடிக்கிற வழக்கு இல்லை. பதிவாகவே இல்லை என்றால் முடிப்பதற்கு என்ன இருக்கிறது? அப்புறம், இதே ஆள் திட்டு வாங்கிய பையன் வீட்டுக்கும் போவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பயத்தை விற்கிறவர் அங்கே போய் நிவாரணத் தொகையை விற்பார். வழக்குப் பதிவானால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு கட்டம் கட்டமாக நிவாரணம் தர வேண்டும். அதற்குக் கமிஷன் கிடையாது, தரகர் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பம், முதல் தவணை வருவதற்கு முன்பே இப்படி ஒருவரிடம் கடன் வாங்கிக் கொடுத்து ஏமாந்திருந்தது. அந்தப் பையன் வீட்டுக்கு வக்கீல் வேண்டுமானால் தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். போன் எண் 15100. வன்கொடுமைப் புகாருக்கென்று 14566 தனியாக உண்டு.

அந்தப் பையன் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் விருப்பம். போ என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். வீடியோவை அழித்துவிடச் சொல்லவே சொல்லாதீர்கள். சாட்சியத்தை அழித்த பழி அப்போதுதான் உங்கள் மேல் வரும். முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் அப்படியே வைத்திருக்கட்டும். நீங்கள் உட்காரச் சொன்னது அதில்தான் இருக்கும்.

இப்போது உங்கள் முதல்வர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அவர் செய்ய மாட்டார் என்று தெரிந்தே. தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. சக மாணவனைத் திட்டி அவமானப்படுத்துவதும் அதில் ராகிங்தான். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், விசாரிக்காமல் விட்டால் அவரும் உடந்தை. ஆக, பயப்பட வேண்டியவர் அவர், கடிதம் கேட்பது உங்களிடம்! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகளின்படி கல்லூரியில் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். இருக்கும், கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிற நாளில் ஃபைலில் இருக்கும். ஒரு கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நான் கேட்டபோது, அவருக்கே தான்தான் அது என்று தெரியவில்லை. தர்மபுரியில் 2012 நவம்பரில் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். கல்லூரிகள் பயப்படுவது புரிகிறது. அதற்கு வாயை மூடிக்கொள்வதுதான் மருந்து என்று நினைக்கிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக முதல்வருக்கு ஒரு தகவல் கடிதம் எழுதுங்கள். தேதி, மணி, பாடத்திட்டத்தில் எந்த அலகு, வருகைப் பதிவு நகல், நடந்தது நான்கு வரி. யார் மேல் தப்பு என்ற தீர்ப்பு வேண்டாம். ராகிங் தடுப்புக் குழுவுக்கும் ஒரு நகல். அலுவலகத்தில் சீல் போட்டுத் தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நடத்திய விதத்தில் ஒரு குறை இருந்தது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பண்டிகை என்பது நம் பக்கம் வெறும் பண்டிகை இல்லை. பாரதக் கூத்தில் துரியோதனன் விழுகிற படுகளம் எந்தத் திடலில், கரகம் எந்தத் தெருவரை, வரி யாரிடம் என்று ஆரம்பித்தால் முழு ஊரும் வெளியே வந்துவிடும். முதல் நாளே ஒரு பையனைத் தன் தெருவைப் பற்றிப் பேச வைத்தால் அவன் சாதி என்ன என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. சொந்தச் சாதியைச் சொல்லியாக வேண்டிய நிலைக்கு யாரையும் கொண்டுபோகாதீர்கள், கையைத் தூக்கச் சொல்வது கூடவே கூடாது. பதிவான ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வாச்சாத்தி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்கள் மேல் நடத்திய கொடுமை, 1992-இல் நடந்தது, 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது, அதில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று யாராலும் எழுந்து கத்த முடியாது.

சாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓசூர் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் வேறு. தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளும், கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில். வடக்கன் என்பது, நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்வது, இவை வன்கொடுமைச் சட்டத்தில் வராது. ஆனால் மானியக் குழு 2016-இல் ராகிங் விதிகளைத் திருத்தி, நிறம், இனம், மதம், சாதி, மொழி, பிறந்த ஊர் ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங் என்று சேர்த்தது. புகார் எண் 1800-180-5522, 24 மணி நேரமும்.

அடுத்த வகுப்பில் செல்போன்களை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். யாராவது திட்டினால் உட்கார் என்று மட்டும் சொல்லாமல், இந்த வார்த்தை இந்த வகுப்பில் கூடாது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கார் மறுபடி வந்தால் அவர் பெயரையும் அமைப்பின் பதிவு எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார். அதற்கு மேலும் தொந்தரவு செய்தால், மிரட்டிப் பணம் கேட்கிறார் என்று அரூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.