பெங்களூரில் சித்த மருத்துவரைத் தேடுகிறவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்திருக்கும் தங்கை கேட்டது: "அம்மாவுக்கு மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் உண்டு. ஊரில் சித்த மருந்து சாப்பிட்டு வந்தார். இங்கே சட்டப்படி யாரிடம் காட்டுவது? ஊர் டாக்டரையே போனில் கேட்கலாமா? இன்சூரன்ஸ் வருமா?"

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே 'ஆயுஷ்' (ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய முறைகளின் பொதுப்பெயர்) என்று போர்டு இருந்தால் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் பி.ஏ.எம்.எஸ். படித்த ஆயுர்வேத மருத்துவர். சித்தத்துக்கு பி.எஸ்.எம்.எஸ். வேண்டும், பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடப் படிப்பு அது. அந்தக் கல்லூரிகள் அநேகமாக நம் ஊர்ப் பக்கம்தான். அதனால் இங்கே சித்த மருத்துவர் குறைவு, இருந்தாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். மத்திய சித்த ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெங்களூர்ப் பிரிவில் விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

யாரிடம் போனாலும் கேட்க வேண்டியது பதிவு எண். 2020ஆம் ஆண்டு இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டப்படி, மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர் வைத்தியம் பார்க்க முடியாது. கிளினிக்குக்குத் தனியாக கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவு, அதாவது கே.பி.எம்.இ. பதிவு, வேண்டும். அந்த எண்ணை வாசல் பலகையிலேயே எழுத வேண்டும். 2024இல் வந்த உத்தரவுப்படி ஆயுர்வேதத்துக்குப் பச்சைப் பலகை, அலோபதிக்கு நீலம். எண் இல்லாத பலகையைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

"மூன்று தலைமுறை வைத்தியர்" என்று சொல்பவரைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. கை ராசி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தகுதியும் பதிவும் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கேரள வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏதாவது கோளாறானால் அவர் கொடுத்த சீட்டு எங்கேயும் செல்லாது. அதேபோல சித்த டாக்டர் ஊசி போட்டு ஆன்டிபயாடிக் எழுதினால் உஷாராகுங்கள். தன் முறைக்கு வெளியே போய் அலோபதி எழுதிய ஒரு ஹோமியோபதி மருத்துவர் செய்தது அலட்சியமே என்பது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

ஊர் டாக்டரைப் போனில் தாராளமாகக் கேட்கலாம். ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்களுக்கான தொலைமருத்துவ வழிகாட்டுதல் 2020 ஏப்ரலிலேயே வந்துவிட்டது, அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பது தடையில்லை. சீட்டில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: மருந்தின் பெயரையும் சேர்மானத்தையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அம்மாவுக்கு இங்கே சர்க்கரை பார்க்கப்போகும் டாக்டர் தமிழ்க் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'அமுக்கரா சூரணம்' என்று எழுதியிருந்தால் இங்குள்ள ஆயுர்வேதக் கடையில் அஸ்வகந்தா சூரணம் எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் மூலிகை ஒன்றுதான். மருந்து ஒன்றல்ல. கடையில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் கிழங்குப் பொடி. சித்தச் சூரணத்தில் கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாக ஏறிப்போய் அமுக்கரா வரும், அதற்கும் மேல் சர்க்கரை சேரும். சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கடைசிச் சரக்கை முதலிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆகவே கடைக்காரர் சொல்லும் மாற்று வேண்டாம். இம்ப்காப்ஸ் (சென்னைக் கூட்டுறவு மருந்து நிறுவனம்), டாம்ப்கால் (தமிழ்நாடு அரசு மருந்து நிறுவனம்) தயாரிப்பை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுத்துவரச் செய்வது நல்லது.

டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இரசம் (பாதரசம்), இலிங்கம் (பாதரசம் கலந்த தாது), சேராங்கொட்டை, எட்டி போன்றவை மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப் பொருள் அட்டவணையில் வருபவை. அவை சேர்ந்த மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். அவற்றைப் போன் பேச்சோடு தொடராதீர்கள், நேரில் காட்டிய பிறகே கொடுங்கள். மருந்து ஓடும் காலத்தில் சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை எப்போது எடுப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அலோபதிச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினோடு சித்தச் சர்க்கரை மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம், இரண்டு டாக்டருக்கும் இரண்டு பட்டியலும் தெரிய வேண்டும். சர்க்கரையை அடியோடு குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்த நோட்டீஸைக் கசக்கிப் போடுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆயுஷ் சிகிச்சையை மற்ற சிகிச்சைக்குச் சமமாக நடத்தும்படி இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் சாதாரண பாலிசியில் அது படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்குத்தான். மாதாமாதம் வாங்கும் சூரணமும் தைலமும் உங்கள் கைக்காசு. அட்மிட் ஆவதென்றால் குறைந்தது ஐந்து படுக்கையும் முழுநேரமும் பொறுப்பான மருத்துவரும் உள்ள ஆயுஷ் மருத்துவமனையா என்று கேட்டு, முன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டே சேருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'உடல் புத்துணர்ச்சி' என்று மட்டும் இருந்தால் கிளெய்ம் தள்ளுபடியாகும். நோயின் பெயரும், ஏன் படுக்க வைக்க வேண்டியிருந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.